ரெண்டு சாட்சி சாரும் எங்கள் பாப்பாவும்

திருவண்ணாமலையில், ஏன், இந்தப் பூமியிலேயே ரெண்டு சாட்சி சார் அளவுக்குச் சந்தேகப்படத் தெரிந்த மனிதர் கிடையாது. பௌர்ணமி நிலவைக்கூட எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் கிரிவலத்துக்குக் கிளம்புவார். எங்கள் மாடியில் குடியிருந்தார். அம்மாவுக்கும் கைக்குழந்தைக்கும் உள்ள ஒட்டுதலைப் பற்றி வந்த ஆராய்ச்சிகளைப் படித்து, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று எழுதுவதுதான் டாக்டர் பட்டத்துக்காக அவர் செய்த வேலை. சந்தேகப்படுவதற்கு உதவித்தொகையா என்று தெருவே பொறாமைப்பட்டது.

ஒருவர் பார்த்தது அவருக்குப் போதாது. இருவர் தனித்தனியாகப் பார்த்து, பேசிக்கொள்ளாமல், ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். வடை ஊசிப்போயிருக்கிறதா என்று அறிய டீக்கடையில் இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்காரவைத்துத் தின்னச் சொன்னார். அன்றிலிருந்து அவர் தலையைக் கண்டாலே கடைக்காரர் வடைத் தட்டை உள்ளே எடுத்துவைத்துவிடுவார்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேங்கிக்கால் ஆபீசுக்குத் திரும்பிய வாரம். என் வீட்டுக்காரருக்கு லாட்ஜில் நைட் ஷிப்ட். பகலில் பாப்பா அவர் பொறுப்பு. சாயங்காலம் வந்து நான் கையை நீட்டினால் பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனில் தேடினேன். அப்படிச் செய்தால் ஒட்டுதல் போய்விட்டது என்று ஏதோ ஆராய்ச்சியைக் காட்டி யாரோ எழுதியிருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று அழுதேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் மாடிக்காரரைக் கூட்டிவந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த ஆராய்ச்சி பண்ண ரூம்ல யாருங்க இருந்தது? ஒரு அம்மா, ஒரு குழந்தை, ஒரு புது ஆளு. இங்க பகல் பூரா அப்பா தூக்கி வெச்சிருக்காரு. ரெண்டும் ஒண்ணா? இத்தனூண்டு குழந்தை முகத்தைத் திருப்புனா கோவமா, தூக்கமா, ஃபேனைப் பாக்குதானு யாருங்க சொல்ல முடியும்?"

அதோடு விட்டிருக்கலாம். மறுநாளிலிருந்து ஹாலில் ஒரு மூலையில் அவர், எதிர்மூலையில் என் வீட்டுக்காரர், நடுவில் பாப்பா. நான் வந்ததும், பார்த்ததைத் தனித்தனியாக என்னிடம் சொல்வார்கள். பாப்பா சிரித்தாள் என்பார் என் வீட்டுக்காரர். வாய் அகலமானது, அவ்வளவுதான் என்பார் சார். ஒன்றிலும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஒரு நாள், என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பாப்பா பொம்மையைப் போட்டுவிட்டு வாசலுக்குத் தவழ்ந்தாள் என்று இருவருமே சொன்னார்கள். வேலையை விடும் பேச்சை அன்றோடு விட்டேன்.

அடுத்த வாரம் பாப்பா நேராக அவர் மூலைக்குத் தவழ்ந்துபோய் மடியில் ஏறித் தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போயும் மனிதர் அசையவில்லை. மறுநாள் மூலைக்கு வர மறுத்தார்.

"இனிமே இந்தப் பாப்பாவைப் பத்தி நான் எது சொன்னாலும் நம்பாதீங்க. எனக்குப் பாசம் வந்துடுச்சு."

பட்டம் வாங்கி இப்போது வேறு ஊரில் பாடம் நடத்துகிறார். பாப்பா சில சமயம் மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நானும் பார்க்கிறேன்; நான் பார்ப்பது மட்டும் அவர் இறங்கி வரமாட்டாரா என்றுதான்.