பத்து நேர்கோடுகளும் என் இரண்டு கைகளும்

பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் தொண்ணூற்றெட்டு வாங்கியவன். யாரும் கேட்காமலேயே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னேன், வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில் சொன்னேன், ஒருமுறை பல் டாக்டரிடம் வாயில் பஞ்சோடு சொன்னேன். சில வருடங்களாகத்தான் சொல்வதில்லை. காரணம், என் மகள் கோமதி எழுதிய ஒரு பரீட்சை. உண்மையைச் சொன்னால், அவளை நான் ஒழுங்காக எழுதவிடாத பரீட்சை.

அது கொரோனா ஊரடங்கு நேரம். தி.நகரில் நான் பட்டுப் புடவை விற்கும் கடையில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். மந்தைவெளியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நான், மனைவி செல்வி, கோமதி மூவரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு கிடந்தோம். (அந்த நெரிசலை அன்று திட்டாத நாளில்லை. இன்று அதே வீடு மைதானம் மாதிரி கிடக்கிறது. எனக்குப் பிடிக்கவேயில்லை.) கோமதி அப்போது பத்தாவது. பொதுத்தேர்வு நடக்கும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. ஆன்லைன் தேர்வு மதிப்பெண்களை வைத்துத்தான் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு குரூப் தருவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இவளுக்கோ ஆறாம் வகுப்பிலிருந்து இன்ஜினியரிங் கனவு.

கடைசித் தேர்வு, ‘பொருத்துக’. ஒரு பக்கம் பத்துச் சமன்பாடு, மறுபக்கம் பத்து வரைபடம். எந்தச் சமன்பாட்டுக்கு எந்தக் கோடு என்று எழுதவேண்டும். இருபது மார்க்.

"எனக்குத் தெரியும்ப்பா. எக்ஸுக்கு முன்னாடி பிளஸ் இருந்தா கோடு இடமிருந்து வலமா ஏறும். மைனஸ் இருந்தா இறங்கும். அவ்ளோதான்" என்றாள்.

"பதட்டத்துல மாறிப்போயிடும்மா. அப்பா எதுக்கு இருக்கேன்?"

"சும்மா இருக்கத்தான்" என்றாள் செல்வி, சமையலறையிலிருந்து.

பரீட்சையில் சொல்லிக்கொடுப்பது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தத் தப்பைச் சுத்தமாகச் செய்து முடிப்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. கேமராவும் மைக்கும் ஆனிலேயே இருக்கவேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாயைத் திறக்க முடியாது. அதனால் கை ஜாடை. இரண்டு கைகளையும் விரித்து, வலது கையை மேலே தூக்கினால் ஏறும் கோடு, தாழ்த்தினால் இறங்கும் கோடு. அச்சை வெட்டும் இடம் பிளஸ் என்றால் தலையைத் தொடுவேன், மைனஸ் என்றால் தொப்பையை.

இரண்டு நாள் பீரோ கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். அது என் தொழில் பழக்கம். கடையில் புடவையை என் தோளில் போட்டு, வந்திருக்கும் அம்மாவோடு சேர்ந்து நானும் கண்ணாடியில் பார்ப்பேன். கண்ணாடியில் சரியாகத் தெரிந்தால் சரி. இருபது வருடமாக என் பிழைப்பே அப்படித்தான் ஓடுகிறது.

பரீட்சை அன்று கோமதி பீரோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எதிரே ஸ்டூலில் லேப்டாப். அதற்குப் பின்னால், அவளைப் பார்த்தபடி, லுங்கி பனியனோடு நான். கேள்வித்தாள் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் என் போனுக்கு வந்துவிட்டது. முதல் கோட்டைப் போட்டேன். அவள் தலைக்கு மேலே பீரோ கண்ணாடியில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். ஏறவேண்டியது அழகாக ஏறியது.

கோமதி கண்ணை அகல விரித்தாள். ‘இல்லை’ என்பது போல லேசாகத் தலையாட்டினாள். நான் இன்னும் அழுத்தமாகக் கையைத் தூக்கினேன். கொஞ்சம் யோசித்தாள், ரப்பரை எடுத்து அழித்தாள். அடடா, நான் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்துக் கோட்டையும் போட்டு முடித்தபோது தோள்பட்டை கழன்றுவிட்டது.

மறுநாள் காலை மார்க் வந்தது. இருபதுக்கு நாலு. படுத்த கோடும் நின்ற கோடும் மட்டும் சரி, சாய்ந்த எட்டும் தப்பு.

கோமதி தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். "முதல்ல நான் போட்டதெல்லாம் சரிப்பா. நீங்க கை காட்டினதும் அழிச்சு மாத்தினேன்."

"நான் சரியாத்தானே காட்டினேன்!" என்று மறுபடியும் கண்ணாடி முன் நின்று கையை விரித்தேன். செல்வி கரண்டியோடு வந்தாள்.

"அப்படியே இந்தப் பக்கம் திரும்புங்க." திரும்பினேன். "இப்போ உங்க வலது கை எனக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

இடது பக்கம். நான் ஏற்றிய கோடெல்லாம் எதிரே இருந்தவளுக்கு இறங்கியிருக்கிறது.

"தினம் நூறு பேருக்கு எதிர்ல உக்காந்து புடவை விரிக்கிற மனுஷனுக்கு இது தெரியலையா?"

"உனக்குத்தான் தெரியுமேம்மா, அப்புறம் ஏன் மாத்தின?" என்று மகளிடம் கேட்டேன்.

"அப்பா இவ்ளோ உறுதியா சொல்றாங்களே, தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பால் வாங்கப் போகிறேன் என்று முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன்.

பால் பூத்தில் கோமதியோடு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீ நல்லா இருக்கணும்ணே! எம்பொண்ணு மொத தபா கணக்குல இருவதுக்கு இருவது வாங்கிக்கீது. உங்க வூட்டு பீரோ கண்ணாடில நீ கைய காட்டிக்கினு இருந்தியாமே? மொத்த கிளாஸும் அத பாத்துதான் எழுதிச்சாம்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேமரா கோமதியைப் பார்க்கிறது, கோமதிக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குள் பனியனோடு நான். கண்ணாடியில் எனக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. ஊரார் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சரியான விடை, பெற்ற பிள்ளைக்கு மட்டும் தப்பான விடை!

வீட்டுக்கு வந்ததும் டீச்சருக்குப் போன் போட்டேன். "டீச்சர், தப்பு என்னோடது. பொண்ணு மேல ஒண்ணும் இல்லை. அவ குரூப் போயிடக் கூடாது" என்று தொடங்கி, தொப்பை வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகுதான் தெரிந்தது, சிரிப்பதற்காக மைக்கை அணைத்திருக்கிறார். "என் ஸ்க்ரீன்ல ஒரு நேரத்துக்கு ஆறு பேர்தான் சார் தெரிவாங்க, நான் உங்கள பாக்கவே இல்ல. எல்லாரும் முழு மார்க், நல்லா படிக்கிற பொண்ணு மட்டும் நாலா? காலையிலேர்ந்து தலைய பிச்சுக்கிட்டு இருக்கேன். சரி, எல்லாருக்கும் புதுசா வேற டெஸ்ட். ஆனா அந்த ஒரு மணி நேரம் நீங்க வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

இருக்கவில்லை. மொட்டை மாடியில், உச்சி வெயிலில், தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே கோமதி தனியாக எழுதி இருபதுக்கு இருபது வாங்கினாள். கணக்கு குரூப் கிடைத்தது. இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ஹாஸ்டல்.

அன்றிலிருந்து நான் எந்த யோசனை சொன்னாலும், தக்காளி வாங்குவதிலிருந்து தாம்பரத்துக்கு வழி சொல்வது வரை, அம்மாவும் மகளும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "யார் பக்கத்துலேர்ந்து சொல்றீங்க?"

போன வாரம் கோமதி போன் செய்தாள். குரல் சரியில்லை. ப்ராஜெக்ட் சொதப்பிவிட்டதாம், கூடப் படிப்பவர்களோடு சண்டையாம், எதுவுமே பிடிக்கவில்லையாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதெல்லாம் ஒரு விஷயமே இல்லம்மா" என்று ஆரம்பித்தேன்.

"அது உங்க பக்கத்துலேர்ந்துப்பா" என்றாள். இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்தபின்னும் அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

"அங்க போய் என்ன செய்யப் போறீங்க?" என்றாள் செல்வி.

"ஒண்ணும் செய்யல. அவ பக்கத்துல போய் உக்காரப் போறேன்."

 செல்வி என் சட்டையை மடித்துப் பையில் வைத்தபடி சொன்னாள்: "கையை மட்டும் தூக்காதீங்க."