நான் சாகடித்த அமெரிக்க இயக்குநர்

உயிரோடு இருக்கும் ஒரு மனிதருக்கு நான் மரண அறிவித்தல் அடித்து ஊர் முழுக்க ஒட்ட வைத்திருக்கிறேன். அதுவும் அவரிடம் வேலை கேட்கப் போன சமயத்தில். (பெயர் சொல்ல மாட்டேன். மனிசன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், பிரச்சினையே அதுதான்.)

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் படம் எடுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். உலக சினிமாவை நான் ஒருத்திதான் பார்த்து முடித்தது மாதிரி ஒரு நடை, அதற்கு ஏற்ற கறுப்புக் கண்ணாடி. அந்த நேரம் பார்த்து ஒரு அமெரிக்க இயக்குநர் எங்கள் கல்லூரிக்குப் பேச வருவதாக அறிவித்தார்கள். மலைப்பக்கம் எடுக்கப்போகும் தன் தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு மாணவரை உதவியாளராக எடுப்பாராம். அந்த இடம் கிடைத்தால் படிப்பைத் தொடரலாம், கிடைக்காவிட்டால் காப்புறுதிக் கம்பனியில் வேலை. அப்பா இதைச் சாப்பாட்டு மேசையில் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

மேடையில் அவரை அறிமுகம் செய்யும் வேலையைச் சண்டை பிடித்து வாங்கினேன். மண்டபம் காலியாகக் கிடக்குமோ என்று பேராசிரியர் கவலைப்பட்டார். எங்கள் தமிழ் ஆட்களைக் கொண்டுவந்து நிரப்புகிறேன் என்று வாய் விட்டேன்.

அதற்குத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் வேண்டும். சித்தப்பா பகலில் தொழிற்சாலையில் வேலை, மிச்ச நேரத்தில் எங்கள் ஆட்களுக்குக் கார்டு, நோட்டீஸ் எல்லாம் செய்து கொடுப்பார். கல்யாணமும் வரும், பிறந்தநாளும் வரும், ஆனால் அதிகம் வருவது செத்தவீடு. பஸ்ஸில் நின்றபடி அவருக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன். எங்கே பிறந்தார், முதல் படம் விருது வாங்கியது, இரண்டாவது உலகமெல்லாம் ஓடியது, மூன்றாவது படுத்துவிட்டது. அதன் பிறகு பதினைந்து வருடமாக அவர் தொலைக்காட்சிக்கு எழுதி இயக்கிக்கொண்டிருந்ததை நான் சொல்லவே இல்லை. (சீரியல் எல்லாம் ஒரு கலையா? அப்போதைய நான், மன்னிக்கவும்.) “அதோட சரி சித்தப்பா. ஆனா அவரின்ர படங்கள் எப்பவும் எங்களோட இருக்கும்” என்று உருக்கமாக முடித்தேன்.

இதைக் கேட்டால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

சித்தப்பா செய்து அனுப்பியதை போனில் நகம் அளவில் பார்த்தேன். நடுவில் படம், சுற்றிவர ஏதோ பூ. பெருவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பிவிட்டேன். கொலை செய்தது அந்த விரல்தான். சித்தப்பா அதை அடித்துத் தமிழ்க் கடைகளில் எல்லாம் ஒட்டிவிட்டார்.

அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. கல்யாணத்துக்கு எங்கள் ஆட்களை மூன்று தரம் கூப்பிட வேண்டும். செத்தவீட்டுக்குக் கூப்பிடத் தேவையில்லை, அறிவித்தல் கண்டால் போதும், போகாவிட்டால்தான் குறை. பேராசிரியர் என் தோளில் தட்டி, உங்கள் சமூகத்துக்குச் சினிமா மீது இவ்வளவு பற்றா என்று வியந்தார். நான் தலையாட்டினேன். எல்லாரும் ஏன் வெள்ளையும் சாம்பலுமாக உடுத்தி வந்திருக்கிறார்கள் என்று மட்டும் ஒரு சின்ன யோசனை.

எங்கள் கட்டிடத்தில் இருக்கும் நேசம் அன்ரி நேரே வந்து இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பியாரை உரிச்சு வைச்ச மாதிரி இருக்கிறியள். மூத்தவர் இருக்க இளையவர் போறது பெரிய கொடுமை ஐயா.”

அன்ரியின் மற்றக் கையில் துண்டுப்பிரசுரம். அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். இயக்குநரின் இளவயதுப் படம், அதற்கு மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’.

அன்ரி என்ன சொல்கிறார் என்று இயக்குநர் கேட்டார். உங்களைப் பார்த்ததில் சந்தோசமாம் என்றேன். (அன்ரி அழுதுகொண்டிருந்தார்.)

மனிசன் துண்டை வாங்கிப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, இலக்கம் தெரியும்தானே. தான் பிறந்த ஆண்டு, ஒரு கோடு, இன்னொரு ஆண்டு.

“நான் செத்திட்டனோ?” என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஏன் இந்த ஆண்டு என்று அடுத்ததாகக் கேட்டார். அது அவருடைய மூன்றாவது படம் வந்த ஆண்டு. நான் அனுப்பிய கதை அதோடு முடிந்தது, சித்தப்பா அதையே இறந்த ஆண்டாகப் போட்டுவிட்டார் என்று உண்மையைச் சொன்னேன். (பதினைந்து வருடம் பழைய சாவு என்று எங்கள் ஆட்கள் ஒருவரும் கவனிக்கவில்லை, மாலையும் குத்துவிளக்குமே போதும்.) அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. அந்த இலக்கத்தில் விரலை வைத்தார்.

“அந்த வருஷம் ஒருத்தரும் எனக்குப் போன் எடுக்கேல்லை. நானும் அப்பிடித்தான் நினைச்சன்.”

இவர் தமையன் இல்லை, உயிரோடு இருக்கும் அதே ஆள்தான் என்று மேடையில் அறிமுகம் செய்துவிட்டு, அவர் பேசப் பேசத் தமிழில் சொன்னேன். அவர் தன் மூன்று படங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாரோ தொடங்கிய ஆஸ்பத்திரி சீரியலுக்கு ஒரே ஒரு பாகம் எழுதப் போனது, திரையில் இரண்டு செக்கன் பெயர் வந்தது, அந்தச் சம்பளத்தில் மகளின் பல்லுக்குக் கம்பி கட்டியது, இப்படியே போனது பேச்சு. என் வகுப்பு ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். எங்கள் அன்ரிமார் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்கள், சீரியல் அவர்களுடைய ஏரியா. செத்த ஆளை ஆறு மாதம் கழித்து எப்படித் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள் என்று நேசம் அன்ரி கேட்க, நான் மொழிபெயர்த்தேன். இயக்குநர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்து, “இதைக் கேக்கிறதுக்குச் சரியான ஆள் நான்தான்” என்றார்.

முடிவில் உதவியாளர் இடம் கேட்டவர்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: என் தொடரில் எந்தப் பாகம் பார்த்தாய்? நான் ஒன்றும் பார்த்ததில்லை. இடம் லூக்காவுக்குப் போனது. வகுப்பில் வாயே திறக்காத அவன் எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அப்பா பக்கத்தில் இருந்தார். (அறிவித்தலைக் கண்டு, அந்த இயக்குநர்தான் வரமுன்னமே போய்விட்டார் என்று நினைத்து அவரும் செத்தவீட்டுக்குத்தான் வந்தவர்.) காப்புறுதிக் கம்பனி விண்ணப்பத்தை நாளைக்கு நிரப்புகிறேன் என்று நானாகவே சொன்னேன். எங்கள் தரிப்பு வந்ததும் அவர் மணியை அழுத்தினார்.

“செத்த மனிசனே உழைச்சுச் சாப்பிடுறார். நீ படிப்பை முடி.”

முடித்தேன். இப்போது எழுதுகிறேன், சீரியலுக்குத்தான். செத்து முப்பத்தோராம் நாள் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் சோறு போடுவது எங்கள் வழக்கம். அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு வேலை போனாலும், யார் சோதனையில் கோட்டை விட்டாலும், முதலில் கேட்கப்படும் கேள்வி, “முப்பத்தொண்டு எப்ப?”

போன மாதம் நான் எழுதிய முழுப் பாகத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா அகப்பையோடு வந்து நின்று அதையே கேட்டார். இன்னும் மூச்சிருக்கு, சோத்தை இண்டைக்கே போடுங்கோ என்று சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினேன்.