பசைச்சட்டி தின்று தீர்த்த பால்

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த எவரும் பசைச்சட்டியின் அனுமதியில்லாமல் ஒரு கவளம் சோற்றைக்கூட நிம்மதியாக விழுங்கியதில்லை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்கள், அந்தக் காலத்தில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம், கிராணி, கூலி என்று அவர் யாரிடமும் பேதம் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் பல்.

அவருடைய கணக்கில் மனித குலம் மூன்றே பிரிவு. பல் வராதவர்கள், பல் வந்தவர்கள், பல் போனவர்கள். ஒரு பிரிவின் சாப்பாட்டை இன்னொரு பிரிவு தொடக்கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், "கிள்ளானுக்குப் போக வேண்டிய மூட்டை ஈப்போ போய் இறங்கினா என்ன ஆகும்? அதுதான் ஆகும்" என்பார்.

ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுவது அவர் வேலை. மரவள்ளிமாவில் தானே காய்ச்சிய பசையை ஒரு சட்டியில் போட்டுக் கையோடு வைத்திருப்பார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் என்னவென்று அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். சீட்டு ஒட்டாத பொருள் ஊர் போய்ச் சேராது என்பது அவருடைய வேதம். ரயிலில் போகும் மூட்டைக்குச் சரி. அவர் அதை வயிற்றுக்குள் போகும் பண்டத்துக்கும் நீட்டித்ததுதான் எங்களுக்கு வந்த வினை.

பக்கத்து வீட்டில், ரயில்வே ஆபீசில் கணக்கெழுதிப் பென்ஷன் வாங்கிய கிராணி ஒருவர் இருந்தார். அவர் வீட்டு முறுக்கு டின்னில் ஒரு நாள் நீலப் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: "பல் போனவர் தொட வேண்டாம்." கிராணிக்கு ரத்தம் கொதித்தது.

"யோவ், வாயைப் பாருய்யா. முழுப் பல்லு. கிள்ளான்ல போய்க் கட்டிக்கிட்டு வந்தது."

பசைச்சட்டி அருகில் போய்க் குனிந்து பொறுமையாகப் பார்த்தார். "நல்லா கட்டியிருக்கான். ஆனா கட்டின பல்லு கணக்குல சேராதுங்க. வயித்துக்கு உண்மை தெரியும்."

அவர் சொல்வதில் பெரும்பகுதி தவறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டுரியான் தின்றவன் தயிர் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பார். சர்க்கரை பெரியவர்களின் மூட்டில் போய்ச் சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும் என்பார். அந்தப் பயத்தில் அவர் காப்பியைக்கூடச் சர்க்கரையில்லாமல் குடித்து, குடிக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். கல்யாண வீட்டில் மைசூர்பாகைக் கண்டால் முழங்காலைத் தேய்த்துக்கொள்வார்.

கல்யாணம் என்றதும் அந்தப் பாயசம் நினைவுக்கு வருகிறது. குவாட்டர்ஸில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். பந்தி ஆரம்பிக்கும் முன் பசைச்சட்டி அடுப்படிக்குள் நுழைந்து பாயச அண்டாவில் சீட்டு ஒட்டிவிட்டார்: "நாற்பது தாண்டியவருக்கு அரைக் கரண்டி." பரிமாறியவர்கள் அதை மணப்பெண்ணின் அப்பா உத்தரவு என்று நினைத்துக்கொண்டார்கள். இலைக்கு இலை நின்று, "அக்கா, உங்களுக்கு அரையா, முழுசா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். அரை என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? பேரன் எடுத்தவர்களெல்லாம் முழுக் கரண்டி கேட்டார்கள். சிலர் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று இரண்டு கரண்டி கேட்டார்கள். எனக்குப் பாயசமே பிடிக்காது. நானும் முழுக் கரண்டிதான் வாங்கினேன். இரண்டாம் பந்திக்கு அண்டாவில் ஏலக்காய் மட்டும் மிச்சமிருந்தது. பெண்ணின் அப்பா பசைச்சட்டியைத் தேடிக்கொண்டு கோயில் வரைக்கும் ஓடினார்.

இப்படிப்பட்டவர் ஒட்டும் சீட்டை யார் படிப்பார்கள்? வாசலில் கிடக்கும் கோலத்தைத் தாண்டுவது போல எல்லோரும் அதைத் தாண்டிப் போனோம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மகன் பிறந்தான். மூத்தவள் தாவணி போட்ட பிறகு, இனி இல்லை என்று நானும் என் கணவரும் நினைத்திருந்த வயதில் பிறந்தவன். அவர் ரயிலில் கார்டு. பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். எனக்குச் சில மாதத்திலேயே பால் வற்றிவிட்டது. பிள்ளையை டின் பாலில் வளர்த்தேன்.

எங்கள் பக்கத்தில் பால் டின்னை யாரும் பெயர் சொல்லி வாங்குவதில்லை. படம் சொல்லித்தான் வாங்குவோம். என் பிள்ளை குடித்தது குடைப் படம் போட்ட பால். ஒரு தடவை சிவப்புக் குடை தீர்ந்துபோய், கடைக்காரப் பாய் நீலக் குடையை எடுத்து வைத்தார்.

"பாய், இது வேற மாதிரி இருக்கே?"

"குடை குடைதான் லா, தங்கச்சி. வர்ணம்தான் வேற. காப்பிக்கடைக்காரன் எல்லாம் இதைத்தான் வாங்குறான்."

திறந்து பார்த்தேன். அதே வெள்ளை, அதே பிசுக்கு, அதே இனிப்பு. பிள்ளையும் குடித்தான். அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று.

பசைச்சட்டி எங்கள் வீட்டுக்கும் வருவார். ஒரு நாள் அந்த டின்னின் மேல் "பல் வராததுக்கு ஆகாது" என்று ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அதே வாரம் அதே வாசகத்தைத் துணி துவைக்கும் சவர்க்காரத்தின் மேலும், என் கணவரின் சுருட்டுப் பெட்டியின் மேலும் ஒட்டியிருந்தார். நான் மூன்றையும் நனைத்துக் கிழித்தேன். நேரில் வந்து சொன்னபோது சிரித்தேன். "சரிங்க ஐயா, சுருட்டை நிறுத்திடுறேன்" என்றேன்.

பிள்ளை மெலிந்துகொண்டே வந்தான். பல் முளைக்கப் போகிறது, அதனால்தான் என்றார்கள். கண்ணில் பீளை கட்டியது. வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் பட்டுவிட்டது என்றார்கள். பாதிரியார் வந்து ஜெபித்தார். பக்கத்து வீட்டம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். நான் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, பால் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஒரு கரண்டி கூட்டிக் கரைத்துக் கொடுத்தேன்.

ஒரு மாலை பசைச்சட்டி வந்தார். கையில் சட்டி இல்லை. தொட்டிலை எட்டிப் பார்த்தார். பிறகு நேராக அடுக்களைக்குப் போனார்.

"ஏம்மா, அந்தக் குடை டின் எங்க?"

"அலமாரியில இருக்குங்க ஐயா. ஏன்?"

"ஒரு கரண்டி குடு."

சீட்டு எழுதப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் பலகையைப் போட்டு உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தார். காப்பிக்குச் சர்க்கரை போடாத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு கரண்டிக்கும் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு, கெட்டிப் பாலை வழித்து வழித்துத் தின்றார்.

"ஐயா, அது பிள்ளைப் பாலு."

"தெரியும்."

"அவனுக்கு ராத்திரிக்கு வேணும்."

"அதனாலதான் திங்கிறேன்."

டின்னைக் காலி செய்து, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கஞ்சித் தண்ணீரை ஊட்டிச் சமாளித்தேன். மறுநாள் புது டின் வாங்கி வந்தேன். வேலை முடிந்ததும் பசைச்சட்டி வந்து அதையும் தின்ன ஆரம்பித்தார். அன்று என் கணவர் வீட்டில் இருந்தார்.

"ஏன்யா, பச்சைப் புள்ளை பாலைத் திங்கிறியே, வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு" என்றார் பசைச்சட்டி, வாய் நிறையப் பாலோடு. "எழுதி ஒட்டினேன், கிழிச்சுட்டீங்க. வாயால சொன்னேன், சிரிச்சீங்க. வேற என்ன செய்யச் சொல்ற? இன்னொரு டின் இருக்கா?"

என் கணவர் அவர் தோளைப் பிடித்துத் தூக்கி வாசலில் விட்டார். அவர் டின்னை விடவில்லை. தெருவில் நின்றபடியே தின்று முடித்து, காலி டின்னை எங்கள் படியில் வைத்துவிட்டுப் போனார். குவாட்டர்ஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது. "முத்திப்போச்சு" என்றார் கிராணி, தன் பல்லெல்லாம் தெரிய.

பாய் கடையிலும் அன்று குடைப் பால் இல்லை. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தான். காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை எடை பார்க்கும் நிலையத்துக்கு ரிக்‌ஷாவில் போனேன். அங்கே பால் கிடைத்தால் வாங்கலாம் என்பதுதான் என் எண்ணம். என்ன பால் என்று காட்டுவதற்குப் படியில் கிடந்த காலி டின்னையும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு ராத்திரியாக இந்தப் பால் கொடுக்கவில்லை என்று சொல்லி டின்னை நீட்டினேன். வெள்ளை உடுப்பு போட்ட நர்ஸ், நாங்கள் மிஸி என்போம், அதை வாங்கித் திருப்பினார். குடைக்குப் பின்பக்கம், அடியில், எறும்பு வரிசை மாதிரி ஓர் இங்கிலீஷ் வரி. கைக்குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று இருந்தது.

"அக்கா, இது கொழுப்பு எடுத்த பாலு. பெரியவங்க காப்பிக்குச் சரி. பிள்ளைக்குக் குடுத்தா முதல்ல சதை போகும், பிறகு கண்ணு போகும்." பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் நான் என்ன ஆனேன் என்று இங்கே எழுத என்னால் முடியாது. "பார்வை இருக்கு. நல்ல வேளை, நிறுத்திட்டீங்க. எப்படி நிறுத்துனீங்க?"

"ஒருத்தர் தின்னுட்டாரு, மிஸி."

"எதை?"

"டின்னை. முழுசா."

மிஸி என்னையும் ஒரு தடவை இமை விலக்கிப் பார்க்கலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது.

மீனெண்ணெயும் நல்ல பாலுமாகப் பிள்ளை தேறத் தொடங்கியபின் பசைச்சட்டியின் அறைக்குப் போனேன். வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார். இரண்டு முழங்காலிலும் துணி சுற்றியிருந்தார்.

"சர்க்கரை உக்காந்துடுச்சும்மா" என்றார்.

"ஐயா, நீங்க சொன்னதைத்தான் மிஸியும் சொன்னாங்க."

"அவங்க எதுல எழுதி ஒட்டினாங்க?"

"ஒட்டலைங்க. வாயால சொன்னாங்க."

"நானும் வாயாலதானே சொன்னேன்?"

 "அவங்க வெள்ளை உடுப்பு போட்டிருந்தாங்க" என்றேன்.

அவர் முழங்கால் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "அப்ப நானும் ஒண்ணு தைக்கணும்" என்றார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் குவாட்டர்ஸே அவர் சொல் கேட்டது. பாய் நீல டின்களைத் தனியாக எடுத்து வைத்தார். கிராணிகூட முறுக்கை நனைத்துத் தின்றார். ஆனால் பசைச்சட்டி, "முருங்கைக்கீரை, மீசை வந்தவர்களுக்கு மட்டும்" என்று எழுதி எங்கள் வீட்டு மரத்தில் ஒட்டியதும், பழைய நிலைமை திரும்பிவிட்டது.

பென்ஷன் வாங்கிக்கொண்டு அவர் ரவாங்கில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். என் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், பந்து உதைக்கிறான், தூரத்தில் வரும் ரயிலின் பெட்டிகளை எண்ணிச் சொல்கிறான். இருந்தாலும் குளிப்பாட்டும்போது என் கை அவன் விலா எலும்பைத்தான் தேடுகிறது. டாக்டர் பார்த்து ஒரு குறையும் இல்லை என்கிறார். நானும் சரி என்றுதான் தலையாட்டுகிறேன். லீவு விட்டதும் அவனைக் கூட்டிக்கொண்டு ரவாங்குக்கு ரயில் ஏறிவிடுகிறேன். பசைச்சட்டி அவன் கையை அமுக்கிப் பார்த்து, கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "பரவால்ல, போகச் சொல்லு" என்பார். திரும்பும் ரயிலில்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.