பத்து மணிக்கு இறங்கிவிடும் சிலை

சென்னையில் சிலைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் காலை பத்து மணி ஆனதும் பீடத்திலிருந்து குதித்து, டீக்கடைக்குப் போய், டீயும் பட்டர் பிஸ்கட்டும் கேட்ட ஒரே சிலை எங்கள் தண்டையார்பேட்டையில்தான் இருந்தது. உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவுக்கு அவர் சில்வர். துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். கயிற்றில் தொங்கும் பலகையில் மணிக்கணக்காக ஆடாமல் அசையாமல் நின்று பழகிய உடம்பு. எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. அதைத் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய் வளைந்து போகும். அந்த வளைவில்தான் தெருவே குப்பை கொட்டும். நானும் தினம் ஆபீஸ் போகிற வழியில் ஒரு பையை அங்கே வீசிவிட்டுத்தான் பஸ் பிடிப்பேன். அத்தனையும் மிதந்து போய்ப் பாலத்தடியை அடைத்துக்கொள்ளும். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் முதலில் நுழைவது சில்வர் வீட்டில். போன மழையில் அவர் மனைவி மஞ்சுளா கட்டில்மேல் மேசையைப் போட்டு, கைக்குழந்தையோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மழைக்குள் அந்த வளைவைச் சுத்தமாக்கியே தீருவது என்று சில்வர் கிளம்பினார். வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். போர்டு வைத்தார். நாங்கள் போர்டின் மேலேயே கொட்டினோம். அப்போதுதான் முச்சந்தியில் இருந்த தலைவர் சிலை அவர் கண்ணில் பட்டது. அதன் காலடியில் ஒரு வாழைப்பழத் தோல்கூட இல்லை.

பங்குனி மாதத்தில் ஒரு காலை. நான் பையும் கையுமாகப் போனால், வளைவு துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. கரையில் புதிதாக ஒரு பீடம். அதன்மேல் தோளில் துண்டு போட்ட ஒரு தலைவர், உச்சி முதல் பாதம் வரை வெள்ளி நிறத்தில். நீட்டிய சுட்டுவிரல் எதிரே இருந்த குப்பைத் தொட்டியைக் காட்டியது. எந்தத் தலைவர் என்று புரியவில்லை. இருந்தாலும் நமக்கு ஊறிப்போன பழக்கமாயிற்றே, செருப்பைக் கழற்றினேன். பையை வீச மனமும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. தொட்டிவரை நடந்துபோய்ப் போட்டேன்.

மறுநாள் இரண்டு கட்சிக்காரர்கள் "எங்க தலைவரு", "எங்க தலைவரு" என்று மல்லுக்கு நின்று, ஆளுக்கொரு மாலை போட்டார்கள். பூவுக்குள் வண்டு குடைந்தது. காக்கை தலையில் உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பறந்தது. சிலை இமைகூடக் கொட்டவில்லை. பத்து மணிக்குமேல் குப்பை கொட்ட யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை என்பதால், பீடம் காலியாவது எங்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம் தேர்தல் வந்தது. தலைவர் சிலைகளைத் துணியால் மூட வேண்டுமே! அதிகாரி ஒருவர் ஆளையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏறியவர் தலையிலிருந்து துணியைச் சுற்றி, கழுத்தில் முடிச்சை இறுக்கினார்.

"சார், மூக்காண்ட கொஞ்சம் லூஸா வுடு சார். மூச்சு முட்டுது" என்றது துணி.

ஏணி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். அதிகாரி இரண்டடி பின்வாங்கிக் கேட்டார்:

"யோவ், யாருய்யா நீ? இது யாரோட சிலை?"

"யாருதும் இல்ல சார். நான் சொம்மா நின்னுகினு கீறேன். நிக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இன்னா கீதா?"

அதிகாரி கையிலிருந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி எதுவும் இல்லை. துணியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

குட்டு உடைந்துபோயிற்று. மறுநாள் காலை எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. 'அட, நம்ம சில்வர்தானே' என்று தோன்றியது. கல் என்று நினைத்தபோது செருப்பைக் கழற்றியவன், ஆள் என்று தெரிந்ததும் பையை வீசினேன். குறி தப்பி அது அவர் பாதத்திலேயே விழுந்து உடைந்தது. மீன் செதிலும் குடலும் விரலிடுக்கில் வழிந்தன. ஈ மொய்த்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு பஸ் ஏறியிருப்பேன். அவர் நின்ற நிலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பே கூசியது. எல்லாவற்றையும் கையாலேயே அள்ளித் தொட்டியில் போட்டேன். அடிகுழாயில் தண்ணீர் பிடித்து வந்து, தெருவே பார்க்க, அவர் காலைக் கழுவினேன். பத்து மணிக்கு இறங்கியவர் கேட்டது இவ்வளவுதான்:

"இன்னா நைனா, ஆபீஸ் லீவா? வா, டீ அடிக்கலாம்."

அன்றோடு சரி. நிற்பது சில்வர்தான் என்று தெரிந்தே, தெருவில் ஒருத்தரும் அங்கே கொட்டவில்லை.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை ஊற்றியது. அதில் யார் குப்பை கொட்ட வரப்போகிறார்கள்? மூன்றாம் நாள் விடிந்ததும் குடையோடு போய்ப் பார்த்தேன். பூச்செல்லாம் கரைந்து, வெறும் மனிதராக நனைந்துகொண்டு அதே இடத்தில் நின்றார்.

"இறங்குங்க சில்வர். ஜுரம் வந்துடும்."

"இரு நைனா" என்றார் உதடு அசையாமல். "தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியணும்."

கடைசி வீட்டு வாசலிலிருந்து மஞ்சுளாவின் குரல் மழையையும் மீறிக் கேட்டது.

"யோவ்! ஒரு சொட்டு உள்ள வர்லய்யா! புள்ள தரையில நடந்துகினு கீது, வந்து பாரு!"

நீட்டியிருந்த கை கீழே இறங்கியது. சில்வர் பீடத்தின் மேலேயே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் குடையை அவர் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்துப் பிடித்தேன்.