டெஸ்டரும் இருபத்தைந்து மீட்டரும்

பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் தங்கியிருந்த பி.ஜி. விடுதியில் பேய்க்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். மேனேஜருக்குப் பயப்படாதவர்கள்கூட இரண்டு பேர் இருந்தார்கள். டெஸ்டருக்குப் பயப்படாதவன் மட்டும் ஒருவனும் கிடையாது. இத்தனைக்கும் அவன் யாரையும் அடித்ததில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. யாராவது வாய் தவறித் தன் ஆசையைச் சொல்லிவிட்டால், அதை நிறைவேற்றாமல் விடமாட்டான். அதுதான் எங்கள் பயம்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் அவனுக்கு டெஸ்டிங் வேலை. புதிதாக எதைச் செய்து கொடுத்தாலும் அது எங்கே உடையும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம். ஆபீசில் ஒன்பது மணி நேரம் செய்தது போதாதென்று அறைக்கு வந்தும் அதையே செய்வான். எங்கள் பி.ஜி. லிஃப்டில் முதலில் தன் பையை மட்டும் அனுப்புவான். பை பத்திரமாக மூன்றாவது மாடி போய்ச் சேர்ந்ததும், படியேறிப் போய் அதை எடுத்துக்கொள்வான். இட்லியைக் கால்வாசி தின்றுவிட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பான். உயிரோடு இருந்தால் மீதி.

எதிர் அறைக்காரன் ஒருத்தன், தன் ஆபீஸ் பெண்ணிடம் காதலைச் சொல்ல வேண்டும் என்று சாப்பாட்டு மேஜையில் முனகிவிட்டான். அவ்வளவுதான். டெஸ்டர் தட்டோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எந்தத் தேதி மச்சா? எத்தனை மணிக்கு? எங்க உடையும்னு நெனைக்கிறே?"

ஒரு வாரம் டெஸ்டரே அந்தப் பெண்ணாகக் கட்டிலில் உட்கார்ந்து, அவனை முப்பது விதமாக மறுத்தான். சிரித்து மறுத்தான், அழுது மறுத்தான், "ஹெச்.ஆர். கிட்ட சொல்லிடுவேன்" என்று விரலை ஆட்டி மறுத்தான். கேட்டுக் கேட்டு மரத்துப்போனவன் நிஜமாகவே போய்ச் சொன்னான். அவள் சரி என்றுவிட்டாள். அதற்கு மட்டும் ஒத்திகை இல்லை. பயல் "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டான். பிறகு எப்படியோ கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு முந்திக்கொண்டிருக்க, டெஸ்டர் தீப்பிடித்தால் ஓடுவதற்கு வழி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான்.

இவ்வளவும் தெரிந்த நான், அதுவும் அவன் அறையிலேயே தங்கியிருந்த நான், ஒரு நாள் உளறினேன்.

"எப்பவாவது நீச்சல் கத்துக்கணும்டா."

எனக்குத் தண்ணீர் என்றால் உயிர் போகும். பன்னிரண்டு வயதில் ஒகேனக்கல்லில் வழுக்கி விழுந்தவன் நான். பரிசல்காரர் ஒருவர் இழுத்துப் போட்டதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் தலைக்கு ஊற்றிக் குளிக்கும்போதுகூடக் கண்ணை மூடமாட்டேன். சோப்பு எரிந்தாலும் பரவாயில்லை. முப்பத்தொரு வயதில் இப்படிக் குளிக்கிறோமே என்ற வெட்கத்தில்தான் அன்று வாயை விட்டேன்.

"எப்பவாவதுன்னா எப்ப?" என்றான் டெஸ்டர்.

"சும்மா சொன்னேன்டா, விடு."

"மூணு மாசம். இருபத்தஞ்சு மீட்டர். நடுவுல கால் தரையில படக்கூடாது. சரியா? இப்ப சொல்லு, எங்க உடையும்?"

பதிலையும் அவனே எழுதினான். மறுநாள் ஆபீசில் அச்சடித்துக்கொண்டு வந்து அலமாரிக் கதவில் ஒட்டினான். நாற்பத்தேழு வரிகள். இந்தப் பக்கம் ஆபத்து, அந்தப் பக்கம் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது. மூக்கில் தண்ணீர் ஏறினால். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால். மூச்சு விட மறந்துவிட்டால். அதுவரை தண்ணீருக்கு மட்டும் பயந்துகொண்டிருந்த நான், அன்றிலிருந்து என் கெண்டைக்காலுக்கும் பயப்பட ஆரம்பித்தேன். பத்தாவது வரிக்கு மேல் படிக்கவில்லை.

முதல் வேலை, பக்கெட் தண்ணீரில் பத்து விநாடி முகத்தை வைப்பது. எங்கள் தெருவுக்கு டேங்கர் வந்தால்தான் தண்ணீர். குழாயடியில் பக்கெட்டுக்குள் தலையை விட்டிருந்த என்னைப் பார்த்து பி.ஜி. ஓனர் ஆன்ட்டி அலறினார்.

"அய்யோ தேவரே! குடியோக்கே நீரில்லா!"

குடிக்கவே தண்ணீர் இல்லை, இவனுக்கு இது ஒரு கேடா என்று அர்த்தம். டெஸ்டர் அசரவில்லை. அதே தண்ணீரில் வராந்தா முழுக்கத் துடைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாளுக்கும் ஒரு பக்கெட் வாங்கிவிட்டான்.

பிறகு ஜோகுபாளையம் தாண்டி ஒரு நீச்சல் குளம். முதல் மூன்று நாள் கரையில் உட்கார்ந்து பார்ப்பது மட்டுமே என் வேலை. நான்காம் நாள் கோச் அண்ணன் பொறுமை இழந்தார். நீலசந்திரா பகுதித் தமிழர்.

"இன்னாப்பா, டெய்லி தண்ணிய பாத்துட்டுப் பாத்துட்டுப் போறே? அது ஒன்னிய கடிச்சிடாது, எறங்கு."

இறங்கினேன். முழங்கால் வரை ஒரு வாரம், இடுப்பு வரை ஒரு வாரம். தினமும் காய்ச்சல் வராதா, பந்த் அறிவிக்க மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டே போவேன். டெஸ்டர் ஷூவைக்கூடக் கழற்றாமல், ஒரு துளி மேலே படாத தூரத்தில், பிளாஸ்டிக் உறையில் போட்ட அந்தத் தாளின் நகலோடு நின்று ஒவ்வொரு வரியாக டிக் அடிப்பான். இரண்டாவது மாதம் மிதந்தேன். மூன்றாவது மாதம், ஆழமில்லாத பக்கத்தில் குறுக்கே நீந்தினேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீளவாக்கில் இருபத்தைந்து மீட்டர். அந்தக் கோடி ஆழம். டெஸ்டர் அங்கே நின்றுகொண்டு கையை ஆட்டினான். ஓடிவிடலாம் என்றால் உடுப்பு அவன் பையில் இருந்தது.

பாதி தூரம் நன்றாகத்தான் போனேன். அப்புறம் கீழே பார்த்துத் தொலைத்தேன். தரை சட்டென்று இறங்கி எங்கோ போயிருந்தது. கை நின்றுவிட்டது, கால் நின்றுவிட்டது. மறுபடியும் பன்னிரண்டு வயது. ஒரு மடக்கு தண்ணீர் உள்ளே போனது. செத்தோம் என்றே நினைத்தேன்.

தலை மேலே வந்தபோது 'தொபீர்' என்று ஒரு சத்தம். கரையில் டெஸ்டரைக் காணோம். ஷூ, பேன்ட், பெல்ட், சட்டைப்பையில் போன், எல்லாவற்றோடும் குதித்திருந்தான். குதித்தவன் என்னை நோக்கி வரவில்லை. நேராகக் கீழே போனான். பிளாஸ்டிக் உறை மட்டும் மேலே மிதந்தது.

"டேய்! டேய்!" என்று கத்திக்கொண்டே கையையும் காலையும் அடித்தேன். என் பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் கோச் அண்ணன் பாய்ந்து, அவனைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். என் கை சுவரில் இடித்தபோதுதான் அந்தக் கோடிக்கு வந்துவிட்டேன் என்பது புரிந்தது.

கரையில் கவிழ்ந்து படுத்துக் குளத்தில் பாதியைத் துப்பினான் டெஸ்டர்.

"உனக்கு நீச்சல் தெரியுமாடா?"

"தெரியாது மச்சா."

"அப்புறம் எதுக்குடா குதிச்சே?"

"முப்பத்தொண்ணாவது வரி" என்றான், இருமலுக்கு நடுவே. "கால் தரையில பட்டுச்சா?"

"படலடா."

"அப்ப பாஸ்" என்று சொல்லிவிட்டு மறுபடி துப்பினான்.

கோச் அண்ணன் எங்கள் இருவரையும் நல்ல நீலசந்திரா தமிழில் வாழ்த்தினார். அதை வார இதழில் அச்சிட முடியாது.

அறைக்கு வந்ததும் அவனைப் போர்த்திப் படுக்க வைத்துவிட்டு, அலமாரிக் கதவில் இருந்த தாளை முதல்முறையாகக் கடைசி வரை படித்தேன். முப்பத்தொன்றாவது வரி: 'நடுவில் பயந்து நின்றுவிட்டால்?' எதிரே: 'நான் குதிப்பேன்.' குதித்தால் தனக்கு என்ன ஆகும் என்று எங்காவது எழுதியிருக்கிறானா என்று தேடினேன். இரண்டு தடவை தேடினேன். லிஃப்டுக்கே பயப்படுகிறவன், நாற்பத்தேழு வரியும் என் உயிரைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தான்.

இப்போது அவன் ஹைதராபாத்தில் இருக்கிறான். அந்தத் தாளை நான் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.