பருப்பு வேகாத கிணறு

பாலாற்றங்கரைத் தண்ணீரை ஆராய்ச்சி செய்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஒரு கைப்பிடி துவரம்பருப்பையும் ஒரு திரி ஸ்டவ்வையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்தவர் உலகத்திலேயே எங்கள் சோடா பாய் ஒருத்தர்தான். சந்தேகம் இருப்பவர்கள் அந்தக் காலத்தில் ஆம்பூரில் குப்பை கொட்டிய யாரையாவது கேட்டுக்கொள்ளலாம்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு தோல் ஷாப்பில் டைம் கீப்பர். ஷாப்பு என்றால் கடை இல்லை, தோல் பதனிடுகிற இடம். அதன் வாசலுக்கு எதிரே ரோட்டோரமாகப் பாயின் கோலிசோடா ஷெட். ஷெட்டுக்குப் பின்னால் நீளமான மனை, அதன் கடைசியில் கிணறு. தெருவில் மற்ற கிணறெல்லாம் ஒவ்வொன்றாக உப்பேறிப்போக, இது ஒன்றுதான் மிச்சம். தெருவே குடிக்க இதில்தான் சேந்தியது. பாய் யாரையும் தடுத்ததில்லை. செருப்போடு கிட்டே போனால் மட்டும் நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஷெட் லீவு. தொழுகை முடிந்ததும் பாய் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். யார் வீட்டுக் கிணற்றடியிலாவது உட்கார்ந்து, அந்தத் தண்ணியில் பருப்பை ஏற்றி, கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைப்பார். பருப்பு குழைந்தால் "பாஸு" என்பார். ஒரு மணி நேரம் போயும் கல்லாட்டம் கிடந்தால், துக்கம் சொல்கிற குரலில் "போய்டுச்சும்மா" என்பார். எங்கள் கிணற்றுக்கு அப்படிச் சொன்ன அன்றைக்கு என் மனைவி நிஜமாகவே அழுதுவிட்டாள்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். அதை அப்படியே தொட்டியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைத் திறந்துவிடுவோம். போகிற வழியெல்லாம் மண்ணில் இறங்கும். பாய் இதை எங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது நாங்கள் அவருடைய சோடாவைத்தான் குடித்துக்கொண்டிருப்போம். அதுதான் அவருக்குப் பேஜார். ஷாப்பு ஓடினால் கிணறு போகும். ஷாப்பு நின்றால் சோடா குடிக்க ஆளில்லை.

இந்த நிலைமையில் முதலாளி ஷாப்புத் தண்ணி போகப் புதுக் கால்வாய் வெட்ட நூல் பிடித்தார். அது பாயின் கிணற்றை உரசிக்கொண்டு போனது. மனு எழுதச் சொல்லி பாய் என்னிடம் வந்தார். என்னை வேலைக்கு வைத்திருப்பவர் மேலேயே நான் எழுத வேண்டும், அதெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை. கால்வாயை நிறுத்தணும் என்று எழுதிக் கொடுத்தேன். இன்னொன்றும் எழுதச் சொன்னார், ஷாப்பை மூடக் கூடாது என்று. இரண்டையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டு வேலூருக்குப் போனார். அங்கே ஒரு அதிகாரி இரண்டையும் படித்துவிட்டு, "இன்னாய்யா இது, நீ யார் பக்கம்?" என்று கேட்டாராம்.

"ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்கதான் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பதில் வருவதற்குள் முதலாளி வீட்டில் மகன் கல்யாணம் வந்துவிட்டது. ஷாப்புக்குப் பின்னாலேயே புது பங்களா, புது போர்வெல். பாய் நேரில் போய், பிரியாணிக்கு எந்தத் தண்ணியோ, அதுக்கு ஊத்திக்கிற பருப்புத் தால்ச்சாவுக்காவது என் கிணற்றுத் தண்ணி எடுத்துக்கோங்க, போர் தண்ணியில் பருப்பு வேகாது என்று சொல்லிப் பார்த்தார். கல்யாண வீட்டில் போய் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? முதலாளி அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

காலை ஆறு மணிக்கு ஏற்றிய பருப்பு பதினோரு மணிக்கும் அண்டாவில் தனித்தனியாக நீந்திக்கொண்டிருந்தது. சமையல்காரர் விறகை மாற்றினார், அண்டாவை மாற்றினார். பிரியாணி தம் உடைக்க ரெடி. தால்ச்சா இல்லாமல் அந்த வீட்டில் பந்தி போட மாட்டார்கள். மேல்விஷாரத்துச் சம்பந்தி வீட்டார் கை கழுவிவிட்டு, ஈரக் கையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, பாயை அழைத்து வரச் சொன்னார்.

நான் தெருமுனை தாண்டுவதற்குள் பாயே எதிரில் வந்தார். மாட்டுவண்டியில் பீப்பாய், பக்கத்தில் அவர். விடிந்ததுமே சேந்தி நிரப்பி வைத்துவிட்டாராம். புதுப் பருப்பு ஏற்றினார்கள். பாய் வழக்கம்போல் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். முக்கால் மணியில் குழைந்தது.

முதலாளி வந்து அவர் பக்கத்தில் குந்தினார். அவ்வளவு பெரிய மனுஷன் அடுப்பு முன்னால் குந்தி நான் பார்த்ததில்லை.

"இன்னா செய்யணும் பாய், சொல்லுங்க" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த 'ங்க' வந்தது.

"தோலை ஊறப்போடறதுக்கு முன்னாடி உப்பைத் தட்டி எடுத்துடுங்க. கால்வாயை ரோட்டோரமா திருப்பி சிமெண்ட் பூசிடுங்க."

"ரோட்டோரம் உங்க ஷெட்டு இருக்குதே."

பாய் கரண்டியால் பருப்பை ஒரு சுற்று கிண்டினார். "ஷெட்டு போனா தள்ளுவண்டி வெச்சுக்குவேன். கெணறு போனா இன்னா வெச்சுக்கறது?"

உப்புத் தட்டவே ஆறு பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஷெட் இருந்த இடத்தில் கால்வாய் போனது. பாலாறே பிழைத்துவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை, மற்ற ஷாப்புகள் இருந்தன. ஆனால் நான் ஊரை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் அந்தக் கிணற்றில் பருப்பு வெந்தது. பாய் அதே வாசலில் தள்ளுவண்டியை நிறுத்தி, அந்த ஆறு பேருக்கும் சேர்த்து சோடா உடைத்தார்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. பாய் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் துவரம்பருப்பு. போகிற வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு லெட்டர் போடச் சொன்னார்.

நாலு வீடு மாறினோம். ஒவ்வொரு வீட்டிலும் முதல் வேலையாகப் பருப்பு வைத்துப் பார்த்து அவருக்குக் கார்டு போட்டேன். ஒரு வீட்டிலும் உருப்படியாக வேகவில்லை. ஆனாலும் "வெந்துடுச்சு பாய்" என்றுதான் எழுதினேன். வேகவில்லை என்று எழுதினால், மனுஷன் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்து நின்றுவிடுவார்.

ஒரு தடவையாவது உண்மையை எழுதியிருக்கலாம்.