தங்கும் நேரம்

சான்றிதழ் அலுவலகத்தின் இணையப் பக்கம் தேடுபொறியில் ஏழாம் பக்கத்தில்தான் வருகிறது என்ற விவரம், ஒரு திங்கட்கிழமை காலை மேலதிகாரியின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. முதல் ஆறு பக்கங்களில் தரகர்கள் இருந்தார்கள். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரும் கடைகூட நான்காம் பக்கத்தில் இருந்தது.

"பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவரத் தெரிஞ்சவங்க யாராவது நம்மகிட்ட இருக்காங்களா?" என்றார் அவர்.

எல்லோரும் தட்டச்சரைப் பார்த்தார்கள். போன வருடம் அவர் இதற்கான அரை நாள் பயிற்சிக்குப் போயிருந்தார். அந்தக் கூடத்தில் குளிர்சாதனம் உண்டு என்று கேள்விப்பட்டுப் போனவர், பாதி வகுப்பைத் தூங்கியே கழித்தார். ஆனால் போனதற்குச் சான்றிதழ் இருந்தது. அந்த அலுவலகத்தில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

"அடுத்த மாசம் கடைசி வெள்ளி, அஞ்சு மணிக்குத் தலைமையகத்துல பார்ப்பாங்க. முதலிடம் வரணும். இல்லேன்னா நீங்க கோப்புக் கிடங்குக்குப் போறீங்க."

கிடங்கு தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. மின்விசிறி உண்டு, சுற்றாது. தட்டச்சர் மறுநாளே வகுப்பெடுத்தார்.

"தேடுபொறிங்கறது நம்ம சார் மாதிரின்னு வச்சுக்குங்க. முழுசாப் படிக்க அதுக்கு நேரமில்லை. தலைப்பைப் பார்க்கும். யார் யார் சிபாரிசு பண்றாங்கன்னு பார்க்கும். வந்தவங்க எவ்வளவு நேரம் தங்கறாங்கன்னு பார்க்கும்."

மேலதிகாரி, தம்மைப் பாராட்டுவதாகக் கருதித் தலையசைத்தார்.

முதல் பத்தியில் 'சான்றிதழ்' என்ற சொல் நாற்பத்தொரு முறை சேர்க்கப்பட்டது. சட்டம் போடும் கடை அலுவலகத்தைச் சிபாரிசு செய்தது. அலுவலகம் கடையைச் சிபாரிசு செய்தது. பக்கம் மூன்றாம் இடத்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"படிவத்தை நிரப்பிட்டு ரெண்டு நிமிஷத்துல போயிடறாங்க. தங்க மாட்டேங்கறாங்க" என்றார் தட்டச்சர்.

"அட, காக்க வைக்கணும், அவ்வளவுதானே?" என்றாள் கவுன்டர்க்காரி. "அது நமக்குக் கைவந்த கலையாச்சே அண்ணே!"

படிவம் இடம் மாற்றப்பட்டது. அலுவலக வரலாறு, மேலதிகாரியின் ஒன்பது புகைப்படங்கள், கட்டட வரைபடம் எல்லாவற்றையும் தாண்டி, 'கழிப்பறை வசதி' என்ற தலைப்பின்கீழ் அது வைக்கப்பட்டது. கவுன்டரில், எல்லாம் இணையத்தில் மட்டுமே என்று அறிவிப்பும் ஒட்டப்பட்டது. சராசரித் தங்கும் நேரம் நாற்பது நிமிடமானது.

அன்று சாப்பிடும்போது தட்டச்சர் இந்தத் தத்துவத்தை மனைவிக்கும் விளக்கினார். எவ்வளவு நேரம் தங்குகிறார்களோ அவ்வளவு மதிப்பு. படிவம் எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை, அது அலுவலக ரகசியம்.

"என் பிறப்புச் சான்றிதழ்ல அம்மா பேர் தப்பா இருக்கே. திருத்த மனு போட்ட ரசீது காட்டினாத்தான் பள்ளிக்கூட வேலையாம். நீங்களே போட்டுடுங்களேன்."

"எல்லாரையும் போல நீயும் இணையப் பக்கத்துலயே போட்டுக்கோ. நான் சலுகை காட்டக் கூடாது." அவர் நேர்மையானவர். தவிர, சோம்பேறி.

கடைசி வெள்ளியும் வந்தது. நாலே முக்காலுக்குத் தட்டச்சரின் திரைக்கு முன் மேலதிகாரி நின்றிருந்தார்.

"முதலிடம்! யாரோ ஒருத்தர் காலையில பத்து மணிலேர்ந்து நம்ம பக்கத்தை விட்டு நகரவே இல்லை, பாருங்க. என்ன ஒரு ஈடுபாடு!"

தொலைபேசி அடித்தது. மனைவி.

"காலையிலேர்ந்து தேடறேன். உங்க சார் போட்டோ ஒன்பதும் மனப்பாடம் ஆயிடுச்சு. ரசீது அஞ்சு மணிக்குள்ள போகணும். படிவம் எங்கேங்க?"

தட்டச்சர் திரையைப் பார்த்தார். மேலதிகாரியைப் பார்த்தார். கிடங்கின் மின்விசிறி நினைவுக்கு வந்தது.

"அங்கேதான் இருக்கும். இன்னும் கொஞ்சம் நிதானமாத் தேடிப் பாரு" என்றார்.

பாராட்டுக் கடிதத்துடன் ஆறரை மணிக்கு வீடு வந்தார். கதவு பூட்டியிருந்தது. மனைவியை அழைத்தார்.

"எங்கே இருக்கே?"

"அக்கா வீட்டுல. அந்த வேலை போச்சு. அஞ்சேகாலுக்குப் படிவம் கிடைச்சுது, கழிப்பறைக்குள்ள."

"சரி... சாவி எங்கே?"

"அங்கேதான் இருக்கும். இன்னும் கொஞ்சம் நிதானமாத் தேடிப் பாருங்க."

"எங்கேன்னு சொல்லேம்மா."

"சொன்னா ரெண்டு நிமிஷத்துல உள்ளே போயிடுவீங்க. தங்கினாத்தானே வாசலுக்கு மதிப்பு?"